மலை ஏறப் போறீங்களா? பணம் கட்டும் முன் 4 கேள்வி கேளுங்க!

சென்னை,

வெள்ளிக்கிழமை இரவு. கிளாம்பாக்கம் பஸ் நிலையம்.

ஊருக்குப் போகும் கூட்டத்துக்கு நடுவே ஒரு தனிக் கூட்டம். முதுகில் கனத்த பை. காலில் முரட்டு பூட்சு. கையில் மடக்குக் கம்பு. பக்கத்தில் மூட்டையோடு நின்ற ஒரு பாட்டி மேலும் கீழும் பார்க்கிறார்.

"எங்கப்பா, கோயிலுக்கா?"

"இல்ல பாட்டி. மலை ஏறப் போறோம்."

"மலை மேல கோயிலு இருக்கா?"

"கோயில் எல்லாம் இல்ல பாட்டி. சும்மா ஏறிட்டு வருவோம்."

"சும்மாவா? காசு குடுத்தா?" பாட்டிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை!

ஆமாம், காசு கொடுத்துத்தான். ஐந்து நாள் ஆபீசில் உட்கார்ந்து முதுகு வலித்தவர்கள், ஆறாம் நாள் அதே முதுகில் பையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகிறார்கள். பஸ், சாப்பாடு, டெண்டு, வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். சனிக்கிழமை ஏற்றம், ஞாயிற்றுக்கிழமை இறக்கம், திங்கட்கிழமை மறுபடியும் ஆபீஸ்!

பிள்ளைகள் ஆசைப்படுவதில் தப்பு இல்லை. மலைக்காற்றும், பனி மூட்டமும், மேலே நின்று கீழே பார்க்கும்போது வயிற்றில் ஜிவ்வென்று ஏறுவதும் தனி சுகம்தான்.

ஆனால் இந்தச் சுகத்துக்குப் போனவர்கள் திரும்பி வராத ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது.

குரங்கணியில் நடந்தது

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந்தேதி. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலை.

சென்னையில் இருந்து ஒரு குழு, ஈரோடு-திருப்பூர் பக்கம் இருந்து இன்னொரு குழு. இரண்டிலும் சேர்த்து 30-க்கும் மேற்பட்டவர்கள். பெண்களும் நிறையப் பேர். கொழுக்குமலையில் இருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். வீடு திரும்பும் நேரம்.

மார்ச் மாத வெயில். சரிவு எங்கும் காய்ந்த புல். கீழே இருந்து புகை வந்தது. கொஞ்ச நேரத்தில் தீ சூழ்ந்துகொண்டது. பயந்துபோனவர்கள் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள்.

அடிவாரத்துக் கிராமத்து மக்களும் எஸ்டேட் தொழிலாளர்களும் இருட்டில் மலையேறினார்கள். தீக்காயம் பட்டவர்களைத் தோளிலும் தூளியிலும் சுமந்து இறக்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. அப்படியும் மலையிலேயே 9 பேர் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவராக உயிர் பிரிந்து, பலி எண்ணிக்கை கடைசியில் 23 ஆனது.

அனுமதி இல்லாத பாதையில் போனதாக அப்போது அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. விசாரணை நடந்தது. ஆனால் போனவர்களில் எத்தனை பேருக்கு, தாங்கள் நடக்கும் பாதைக்கு அனுமதி உண்டா இல்லையா என்று தெரிந்திருக்கும்? பணம் கட்டினோம், கூப்பிட்டுப் போகிறார்கள் என்று நம்பி நடந்தவர்கள்தானே!

தீ மேல் நோக்கித்தான் ஓடும்

சமவெளியில் எரியும் தீ வேறு. மலைச்சரிவில் எரியும் தீ வேறு. கீழே எரியும் தீயின் அனல் மேலே ஏறி, அடுத்து இருக்கும் புல்லை முன்கூட்டியே சுட்டுக் காயவைத்துவிடும். அதனால் சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடும் என்பது தீயணைப்பவர்கள் கணக்கு.

மனிதன் கதை நேர் எதிர். மேட்டில் ஏற ஏற அவன் வேகம் குறையும், மூச்சு வாங்கும். தீயை முந்திக்கொண்டு மலை ஏறி ஓடுவது என்பது நடக்கிற காரியம் அல்ல. பக்கவாட்டில் விலகி, பாறைப் பகுதிக்கோ, ஏற்கனவே எரிந்து கருகிப்போன இடத்துக்கோ போவதுதான் புத்தி. எரிந்த இடத்தில் தீக்குத் தின்ன ஒன்றும் மிச்சம் இருக்காது.

நைலான், பாலியஸ்டர் உடைகள் சூட்டில் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி உடை எவ்வளவோ மேல்.

இதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் வழிகாட்டி!

யார் வழிகாட்டி?

விசில் ஊதி, போட்டோ எடுத்து, "சூப்பர் ஜி, இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று உற்சாகப்படுத்துகிறவர் எல்லாம் வழிகாட்டி அல்ல.

காட்டிலேயே பிறந்து வளர்ந்தவரின் கண் வேறு. யானைச் சாணத்தைப் பார்த்ததும், இது நேற்றையதா, இப்போது போட்டதா என்று சொல்வார். ஓடையில் தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், மேலே எங்கோ மழை, வெள்ளம் வரப்போகிறது என்று கூட்டத்தைக் கரையேற்றுவார். காற்று திரும்பினால் அவர் கால் நின்றுவிடும்.

"போதும் சார், திரும்பிடலாம்" என்று அவர் சொன்னால் திரும்பவேண்டும். "காசு கட்டியிருக்கோம், உச்சிக்குப் போயே ஆகணும்" என்று அங்கே சட்டம் பேசக்கூடாது.

இப்போது என்ன நிலை?

குரங்கணிக்குப் பிறகு, 2018-ம் ஆண்டிலேயே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024-ம் ஆண்டு அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தை அரசே தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகை. கம்ப்யூட்டரிலேயே முன்பதிவு செய்யலாம். மலைவாழ் மக்களுக்கும் வனத்தை ஒட்டிய கிராமத்து இளைஞர்களுக்கும் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கி இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் குரங்கணியும் உண்டு.

2025-ம் ஆண்டு பிப்ரவரியில், காட்டுத்தீ காலம் என்று சொல்லி இந்தப் பாதைகளையும் வனத்துறை மூடியது. "லீவு போட்டாச்சே" என்று முனகியவர்கள் 2018 மார்ச்சை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

இருந்தாலும் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "வாங்க, ஆள் கணக்கு மட்டும் சொல்லுங்க" என்று அழைப்பவர்களுக்கும் பஞ்சம் இல்லை.

நாலே கேள்வி

எனவே, பணம் கட்டும் முன் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்.

ஒன்று: வனத்துறை அனுமதி எங்கே? எந்தப் பாதைக்கு, எந்தத் தேதிக்கு, எத்தனை பேருக்கு? வாயால் சொன்னால் போதாது. கடிதத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும்.

இரண்டு: கூட வரும் வழிகாட்டி அந்த மலைக்காரரா? இல்லை, அவரும் நம்மைப் போல் பஸ்சில் வருகிறவரா?

மூன்று: இது தீ காலமா, மழைக்காலமா? வானிலை மாறினால் பயணத்தை நிறுத்துவீர்களா, பணம் திரும்ப வருமா? பணம் திரும்பாது என்றால், கூட்டிப்போகிறவருக்கும் பாதியில் திரும்ப மனசு வராது!

நான்கு: ஒருவருக்குக் கால் முறிந்தால் எந்த வழியாக இறக்குவீர்கள்? பக்கத்து ஆஸ்பத்திரி எது? டவர் கிடைக்காத இடத்தில் யாருக்கு, எப்படித் தகவல் சொல்வீர்கள்?

பதில் சொல்லத் தடுமாறினால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போங்கள். எந்த மலை, கூட்டிப்போகிறவர் போன் நம்பர், திரும்பும் நேரம். "பிரெண்ட்சோட வெளியூர் போறேன்மா" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போகவேண்டாம்.

பஸ் புறப்படும் நேரம் வந்துவிட்டது. பிள்ளைகள் பையைத் தூக்குகிறார்கள். பாட்டி விடவில்லை.

"வழி தெரிஞ்ச ஆளு கூட வராரா தம்பி?"

ஐந்தாவது கேள்வியே வேண்டாம். பாட்டி கேட்டதற்கு நல்ல பதில் இருந்தால், தாராளமாகப் பஸ் ஏறலாம்!