நெல்லுக்கு இருந்த வீடு

வெள்ளவத்தைக் கடையில் மொட்டைக்கறுப்பன் அரிசி 5 கிலோப் பையாகக் கிடைக்கிறது. லிஃப்டில் ஏற்றிக் கொண்டுபோனால் சமையலறை பிளாஸ்டிக் வாளிக்குள் அடங்கிவிடும். பிளாட் குடித்தனத்துக்கு அந்த வாளிதான் களஞ்சியம்.

ஊரில் நெல்லுக்குத் தனி வீடு இருந்தது. எங்கள் பக்கத்தில் கொம்பறை என்போம். சிங்கள ஊர்களில் வட்டமாகக் கட்டியது வீ பிஸ்ஸ. பெட்டிபோல் சதுரமாகக் கட்டியது அட்டுவ. பிஸ்ஸவின் அமைப்பைப் பார்த்தால் கட்டியவனின் மூளை தெரியும். கற்களை நட்டு, அவற்றின்மேல் மரச்சட்டம் போட்டு, கம்புகளை வரிந்து பின்னி, களிமண்ணும் சாணமும் குழைத்து உள்ளும் புறமும் மெழுகுவார்கள். கல்லில் நிற்பதால் நில ஈரம் ஏறாது, கறையானுக்கும் எலிக்கும் வழி குறைவு. கதவு கிடையாது. கூம்புக் கூரையைத் தொப்பிபோல உயர்த்திக் கம்பால் முட்டுக்கொடுத்து, ஏணியில் ஏறித்தான் நெல் அள்ளவேண்டும். கள்ளனும் ஏணியோடுதான் வரவேண்டும்!

இன்று நெல் வீட்டுக்கே வருவதில்லை. 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை வந்தது. பிறகு அறுவடை இயந்திரம் வந்தது. வெட்டிய கையோடு மூடைகள் வரம்பிலேயே லொறி ஏறி ஆலைக்குப் போகின்றன. வேலை போன கொம்பறையை யார் மெழுகுவார்கள்? இரண்டு மாரி போதும், மண் கரைந்துவிடும்.

சட்டமும் பெரிதாக உதவாது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2ஐக் கோடாகக் கிழித்தது. அதற்கு முந்தியது பழஞ்சின்னம். பிந்தியதைத் தனியே பிரகடனம் செய்யவேண்டும். ஆண்டுதோறும் மெழுகி, ஓலை மாற்றி, உக்கிய கம்பைப் பிடுங்கிப் புதுக்கம்பு செருகிய ஒன்றுக்கு எந்தத் திகதியைக் காட்டுவது?

கண்டிக்கு அருகே, மரச்செதுக்குத் தூண்களுக்குப் பேர்போன எம்பெக்க தேவாலயத்தில் ஒரு பழைய அட்டுவ இருக்கிறது. தேவாலயத்தின் சொத்து, அதனால் தப்பியது. கமக்காரனின் களஞ்சியத்துக்கு அப்படி ஒரு காவல் இல்லை. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

சித்திரை விடுமுறைக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் ஊருக்குப் போகிறவர்களே, வளவு மூலையில் கொம்பறை ஏதும் மிஞ்சியிருந்தால் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். நீளம் அகலம் அளந்து, என்ன மரம், யார் பின்னினார் என்று அம்மம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.