போட் ட்ரெய்லருக்கு எந்தக் கட்டை, எந்த விரிப்பு?

மீன்பிடிக்கும் போட்டானாலும் உல்லாசப் பயணிகளை ஏற்றும் போட்டானாலும், இன்று நமது கரையோரங்களில் ஓடுபவற்றில் பெரும்பகுதி பைபர் போட்டுகளே. மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக்கும், பிறகு அங்கிருந்து மேற்குக்குமாகத் தொழிலை மாற்றுகிறவர்கள் போட்டையும் கூடவே கொண்டு போகிறார்கள். லொறியில் டயர்களைப் போட்டு ஏற்றுவது ஒரு வகை. ட்ரெய்லர் செய்து இழுத்துச் செல்வது மற்ற வகை. ட்ரெய்லர் செய்கிறவர் சில்லு, அச்சு, இரும்பு எல்லாவற்றையும் விசாரித்து விசாரித்து வாங்குவார். போட் உட்காரும் இரண்டு கட்டைகளை மட்டும் கடைசியில், "நானா, கழிவுத் துண்டு ரெண்டு கிடந்தா போடுங்க" என்று கேட்பார். பல இலட்சம் ரூபா பெறுமதியான போட்டின் முழுப் பாரமும் அந்த இரண்டு துண்டுகளின் மேல்தான் நிற்கப் போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சினோடு 600 கிலோ வரும் போட் ஒன்று. 8 அடி நீளம், 4 அங்குல அகலமான இரண்டு கட்டைகள். போட்டின் அடி அவற்றில் முழுமையாகப் பதிந்தால் 768 சதுர அங்குலத்தில் பாரம் பரவும். ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு கிலோ கூட இல்லை. அதே கட்டை பச்சை மரமாக இருந்து, காய்ந்து முறுகி, இரு முனைகளில் ஆறாறு அங்குலம் மட்டுமே போட்டைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 96 சதுர அங்குலம்தான். சதுர அங்குலத்துக்கு ஆறு கிலோவைத் தாண்டிவிடும். அது நிற்கும்போது உள்ள பாரம். குழியில் சில்லு விழும்போது இன்னும் கூடும். பைபரில் மயிரிழை போல வெடிப்பு விழுவது இப்படித்தான். ஆகவே மரத்தின் இனத்தைக் கேட்பதற்கு முன் அது நன்றாகக் காய்ந்ததா, நேராக உள்ளதா என்று பாருங்கள். கட்டை போட்டின் பின்பலகை வரை நீண்டிருக்கவும் வேண்டும். எஞ்சின் தொங்குவது அங்கேதான். கட்டை குறுகிப்போனால் போட்டின் பின்புற அடி நாளடைவில் வளைந்துவிடும். அதன் பிறகு அந்தப் போட் தண்ணீரில் சரியாக ஓடாது.

இனி மரம். எனது தெரிவு ஹல்மில்லை, அதாவது சவண்டலை. வெள்ளைக்காரன் இதற்கு 'திருக்கோணமலை மரம்' என்றே பெயர் வைத்திருந்தான். சென்னைக் கரையில் அலைக்குள் ஓடிய மசூலாப் படகுகளுக்கு இம்மரம் போயிருக்கிறது. நேரான நார், வளைந்து கொடுக்கும், தண்ணீரைத் தாங்கும். மருது மரமும் (கும்புக்) பரவாயில்லை. தேக்கு நல்லதுதான், ஆனால் விரிப்புக்குள் மறைக்கப் போகிற கட்டைக்குத் தேக்கின் விலை எதற்கு? பாலை இரும்பு மாதிரி. துளை போடுகிறவன் சாபமிடுவான். இறப்பர் மரம் வேண்டவே வேண்டாம், பூச்சியும் பூஞ்சணமும் விடாது. தென்னையில் வெளிப்புறத்து வைரம் மட்டும் உதவும், உள் சோற்றி உதவாது. மலேசியக் கெம்பஸ் நமது மரக்கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது, பலமானதும்கூட. ஆனால் அதில் கொஞ்சம் புளிப்புத் தன்மை உண்டு, ஈரம் பட்டால் இரும்பைத் தின்னும். போட்டால் நல்ல போல்ட்டாகப் போடுங்கள்.

மருந்தேற்றிய பைன் பலகை பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் அதைத்தான் பாவிக்கிறார்கள், அங்கே அது மலிவு. பச்சை நிறமாகத் தெரியும் அந்த மருந்தில் செம்பு இருக்கிறது. செம்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அலுமினியம் குழி குழியாக அரிக்கும். இரும்பு ட்ரெய்லரில் பைபர் போட் என்றால் பிரச்சினையில்லை. ட்ரெய்லரோ போட்டோ அலுமினியம் என்றால் அந்தப் பலகையை விற்காதீர்கள். பழைய வகை மருந்தில் ஆர்செனிக்கும் இருந்தது. அமெரிக்காவில் வீட்டுப் பாவனைக்கு அதை 2003 முடிவோடு நிறுத்தினார்கள். அத்தகைய துண்டுகளை அடுப்பில் வைக்கக் கூடாது.

எந்த மரமானாலும் வெட்டு முனைகளுக்கும் போல்ட் துளைகளுக்கும் இரண்டு மூன்று முறை பெயிண்ட் அடிக்க வேண்டும், தண்ணீர் குடிப்பது முனையால்தான். பழைய எஞ்சின் ஒயில் பூசுவது நம்மவர் பழக்கம். அது விரிப்பில் ஊறிப் போட்டின் அடியில் கறையாகும், மிச்சம் களப்புக்குள் போகும்.

விரிப்பு விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வீட்டுக் காபட்டின் அடியில் சணல் இருந்தால் ஒரு பருவத்துக்குள் உக்கிவிடும். பொலிப்புரொப்பிலீன் நூலால் செய்த, முதுகில் இறப்பர் ஒட்டாத காபட் வாங்குங்கள். நூல் தண்ணீர் குடிக்காது, முதுகு வழியே தண்ணீர் வடியும். கட்டையை முழுவதும் சுற்றி மூடாமல் அடிப்பக்கத்தைத் திறந்து விடுங்கள். ஸ்டேன்லஸ் ஸ்டேப்பிள் அடியுங்கள், சாதாரண ஸ்டேப்பிள் சில கிழமைகளில் துருப்பிடித்து உதிரும். காபட்டில் மணல் ஏறினால் அது மண்கடதாசிதான், ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். பழைய இறப்பர் பெல்ட் போடுகிறவர்களும் உண்டு. பிடி நல்ல பிடிதான், வெள்ளைப் போட்டில் கறுப்புக் கோடு விழும்.

பிளாஸ்டிக் பட்டி அடித்தால் தண்ணீரும் ஊறாது, போட் இலகுவாக இறங்கும். அளவுக்கு மீறி இலகுவாக என்றும் சொல்லலாம். வின்ச் கொக்கியைக் கரையிலேயே கழற்றினால் சரிவில் போட் தானாக வழுக்கி, பின்னால் நிற்பவர் மேல் விழும். அந்தப் பட்டியை விற்கிற கடைக்காரர், போட் தண்ணீரில் மிதக்கும்வரை கொக்கியைக் கழற்ற வேண்டாம் என்று வாயால் சொல்லியே விற்க வேண்டும்.

போல்ட்டின் தலை மரத்துக்குள் அரை அங்குலமாவது இறங்கியிருக்கட்டும். விரிப்பு தேய்ந்த பிறகும் தலை போட்டைத் தொடாது. உருக்கிய நாகத்தில் முக்கிய கல்வனைஸ் போல்ட் மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். கண்ணாடி மாதிரி மினுங்குவது மெல்லிய பூச்சு, கடற்கரையில் சீக்கிரம் துருப்பிடிக்கும். இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்து ஒரே விலைக்கு விற்கும் கடைகள் உண்டு, வாங்கும்போது பிரித்துப் பாருங்கள். வருடம் ஒரு முறை போட்டை இறக்கியதும் ஒரு ஸ்குரூ ட்ரைவரால் கட்டையைப் பல இடங்களில் குத்திப் பார்க்க வேண்டும். எங்காவது சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டையை மட்டும் தனியே மாற்றாமல் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் உயரம் ஒத்துவராது, பாரம் ஒரு பக்கமாகச் சாயும்.