நீலகிரிக்கு மழைக்காலம் இரண்டு

ஆகஸ்டு மாதத்தில் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் தூறல்தான் கிடைக்கும். சில நாட்களில் வெயில்கூட எட்டிப்பார்க்கும். அதே நாட்களில் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கூடலூரிலும் பந்தலூரிலும் தேவாலாவிலும், குடை தாங்காத மழை கொட்டிக்கொண்டிருக்கும். நவம்பரில் நிலைமை தலைகீழ். கூடலூர் காயத் தொடங்கும். குன்னூரும் கோத்தகிரியும் நனையும்.

‘மழைக்காலத்தில் ஊட்டிக்குப் போகலாமா?’ என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாதது இதனால்தான். எந்த மாதம், மலையின் எந்தப் பக்கம் என்று கேட்ட பிறகே பதில் சொல்ல முடியும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து நீலகிரியின் மேற்குச் சரிவில் மோதுகிறது. வேறு வழியில்லாமல் மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, ஈரம் மழையாக இறங்குகிறது. நடுவட்டம், அவலாஞ்சி, மேல்பவானி எல்லாம் இந்தக் காற்றை நேருக்கு நேர் வாங்கும் இடங்கள். மலையைத் தாண்டிக் கிழக்கே வரும்போது காற்றில் மிஞ்சியிருக்கும் ஈரம் கொஞ்சம்தான். அக்டோபரில் காற்று திசை மாறுகிறது. வங்கக்கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவக்காற்றுக்கு முதலில் எதிர்ப்படுவது மேட்டுப்பாளையம் பக்கத்துச் சரிவு. நடுவில் இருக்கும் ஊட்டி இரண்டு பருவங்களிலும் நனைகிறது.

2019 ஆகஸ்டு 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 82 செ.மீ. மழை பதிவானது. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையே சுமார் 140 செ.மீ.தான். கிழக்குப் பக்கம் தன் கொடுமையைக் காட்டியது 2009 நவம்பரில். குன்னூர், கேத்தி, ஊட்டி வட்டாரங்களில் அடுத்தடுத்து மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மண் ஏன் சரிகிறது? விடாமல் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் பாறைக்கு மேல் தங்குகிறது. ஊறிய மண்ணுக்கு எடை கூடுகிறது, பிடிமானம் குறைகிறது. சாலைக்கோ கட்டடத்துக்கோ சரிவின் அடிப்பகுதியை வெட்டியிருந்தால், மேலே இருக்கும் மண்ணைத் தாங்க அங்கே ஒன்றும் இல்லை. சோலைக்காடும் புல்வெளியும் மழையை வாங்கி மெல்ல மெல்ல ஓடைக்குக் கொடுப்பவை. அவை போன இடத்தில் தண்ணீர் தானாக வழி தேடுகிறது. ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரிய வேண்டும் என்று பயணிகள் கேட்பதும் சரிவுகள் வெட்டப்படுவதற்கு ஒரு காரணம். அறை பதிவு செய்வதற்கு முன் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்பது நல்லது.

இத்தனைக்கும் பிறகு மழையில் ஏன் போக வேண்டும்? கோடையில் பாறையாகக் கிடக்கும் பைக்காரா அருவி, அப்போதுதான் முழு அகலத்துக்கு இறங்குகிறது. மூடுபனி தேயிலைத் தோட்டத்தை மூடுவதும் விலகுவதுமாக இருக்கும். மே மாதக் கூட்டம் இருக்காது. பர்லியார், கல்லாறு பக்கம் மங்குஸ்தான் பழம் விற்பனைக்கு வருவதும் இந்த மழை மாதங்களில்தான். சூடான தேநீரில் ஊட்டி வர்க்கியை நனைத்துத் தின்ன இதைவிடப் பொருத்தமான வேளை கிடையாது. மழையைப் பார்க்கவும் வேண்டும், வழியில் மாட்டிக்கொள்ளவும் கூடாது என்பவர்கள் ஆகஸ்டு, செப்டம்பரில் குன்னூரிலோ கோத்தகிரியிலோ தங்கலாம். அங்கிருந்து பைக்காராவைப் பார்த்துவிட்டு ஒரே பகலில் திரும்பிவிட முடியும்.

மலை ரயிலை நம்பி வருபவர்களுக்கும் இந்தப் பருவக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும், 1908-ல் ஊட்டிவரைக்கும் ஓடத் தொடங்கிய ரயில் இது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே, பல்சக்கரத்தின் பிடியில் ரயில் ஏறும் செங்குத்தான பகுதி முழுவதும் கிழக்குச் சரிவில் இருக்கிறது. அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தண்டவாளத்தில் மண்ணோ பாறையோ விழுந்து சேவை நிறுத்தப்படுவது வழக்கம். அப்போதும் குன்னூர் - ஊட்டி ரயில் பல நாட்கள் ஓடும். மேட்டுப்பாளையத்தில் ஏமாந்து நிற்பதைவிட, குன்னூர்வரை பேருந்தில் வந்து ஏறுவது மேல்.

சொந்த வண்டியில் வருபவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. இறக்கத்தில் இரண்டாவது கியரில் வர வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். மூடுபனியில் விளக்கைத் தாழ்த்தியே எரிக்க வேண்டும். உயர்த்தி எரித்தால் வெளிச்சம் பனியில் பட்டு ஓட்டுபவரின் கண்ணுக்கே திரும்பிவரும்.

பயணி அனுபவிக்கும் மழை ஈரம், தேயிலை பறிப்பவருக்கு வேறு மாதிரி. நாள்கணக்கில் வெயில் இல்லாவிட்டால் இளந்தளிரில் கொப்புள நோய் பரவும். கொழுந்து கெட்டால் சிறு விவசாயியின் வருமானம் குறையும். கீழே சமவெளியிலோ இதே மழைக்காகக் காத்திருக்கிறார்கள். மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு அணைகளில் நிறையும் தண்ணீர் குந்தா மின்நிலையங்களைச் சுழற்றிவிட்டுப் பவானி ஆற்றில் சேர்கிறது. பைக்காராவின் தண்ணீர் மோயாறாகப் போகிறது. இரண்டும் பவானிசாகரில் கலந்து ஈரோட்டு வயல்களுக்குப் பாய்கின்றன.

நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. புறப்படுவதற்கு முன் அப்போதைய விதி என்ன என்று பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். அன்றைய வானிலை எச்சரிக்கையையும் பாருங்கள். ரெட் அலர்ட் அறிவித்துச் சுற்றுலா இடங்களை மூடிவிட்டால், காவலரிடம் வாதாடாமல், குறுக்குவழி தேடாமல், அறையிலேயே இருந்துவிடுங்கள். திரும்பும் பயணச்சீட்டை ஒரு நாள் தள்ளியே எடுத்து வையுங்கள்.