படைவிட்டு மீண்டோரின் மனநலம்

இராணுவத்தில் பல்லாண்டு பணிபுரிந்து ஊர் திரும்பியோர் பலர், நம்மிடையே தறியிலும் வயலிலும் உழைத்து வருகின்றனர். அவர்களுடைய உடற்காயத்தை நாம் எளிதில் காண்கிறோம். மனத்தில் நேரும் நோயையோ 'பட்டாளத்துக் கோபம்' என்றும் 'குடியின் விளைவு' என்றும் 'பேய்க் குற்றம்' என்றும் கூறி நாட்களைக் கடத்திவிடுகிறோம். தீங்கு விளைப்பது இத்தாமதமே.

போர்முனை கண்டவர் வெடிச்சத்தம் கேட்டுத் திடுக்கிடுவதும், நள்ளிரவில் அலறி எழுவதும் உண்டு. இவை உண்மையில் நேர்ந்தவற்றின் நினைவால் வரும் துன்பம். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதனைத் தனி நோயாக வகுத்தது. மனப்பிறழ்வு என்பது வேறு. அதில் இல்லாதது உள்ளதாகத் தோன்றும். இவ்விரண்டும் ஒருவரிடமே சேர்ந்து வருதலும் கூடும்.

மனப்பிறழ்வின் அறிகுறிகளை அறிந்துகொள்வோமாக. யாருமில்லாதபோது குரல் கேட்பதாகக் கூறி அதற்கு விடை பகர்தல், அண்டை வீட்டார் உளவு பார்க்கின்றனர், உணவில் நஞ்சு கலக்கின்றனர் என்று அசையாது நம்புதல், தொடர்பின்றிப் பேசுதல், இரவு பல உறங்காமை, உற்றாரை விட்டு ஒதுங்குதல் ஆகியன முக்கியமானவை. விடியுமுன் எழுந்து, சவரம் செய்து, மடிப்புக் கலையாத சட்டையுடன் வந்தவர், குளிப்பையும் மறந்து மூலையில் அமர்ந்திருப்பின் அம்மாறுதலே முதல் எச்சரிக்கையாகலாம்.

நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தியபின், சில நாட்களுக்குள் கைநடுங்கி, இல்லாதவற்றைக் கண்டு பிதற்றினால், அது உயிருக்கே ஆபத்து. அன்றே மருத்துவமனை சேர்க்க வேண்டும்.

அவருடைய நம்பிக்கையை எள்ளி நகையாடலும், வாதிட்டு வெல்ல முயலுதலும் வேண்டா. "உறக்கமின்றி வருந்துகிறீர்களே, அண்ணா, மருத்துவரைக் கண்டு வருவோம், நானும் உடன் வருகிறேன்" என்று பரிவுடன் கூறுக. வீட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கியோ பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தோ இருப்பின், அவர் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்துக. சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடலாகாது.

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் காணலாம். 2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்தோர் அதன் வழியாகவும் சிகிச்சை பெறலாம். 2022 முதல் 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் ஆலோசனை கிடைக்கிறது. தொடக்கத்திலேயே மருந்துண்டு, இடையில் நிறுத்தாது தொடர்வோரில் பலர் மீண்டும் தொழில் செய்து வாழ்கின்றனர்.

நூல் பெறவோ உரம் வாங்கவோ வழக்கமாக வரும் அங்கத்தினர் சில வாரம் வாராதிருப்பின், அவர் பெயருக்கு நேரே வரவில்லை எனக் குறித்து அமையாமல், அவர் இல்லம் சென்று காண்போம். நாட்டைக் காத்து நின்றவரை நாம் காப்பதும் கூட்டுறவே.