எங்கள் வாசலில் நின்ற கார்கள்

ஒரு குடும்பத்தின் வரவு செலவை அறிய வங்கிக் கணக்குப் புத்தகம் போதும். அந்தக் குடும்பத்தின் கதையை அறிய, அவர்கள் ஏறிச் சென்ற வண்டிகளைப் பற்றிக் கேட்க வேண்டும். வாகனக் கடனுக்காகக் கிளைக்கு வருகிறவர்களுடன் பேசும்போது, விண்ணப்பப் படிவத்தைத் தாண்டிப் பேச்சு அவர்களது முதல் காருக்குச் சென்றுவிடுவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். எங்கள் வீட்டுக்கும் அத்தகைய கதை ஒன்று உண்டு. அதில் மூன்று கார்கள் வருகின்றன. முதலாவது எங்களுடையதே அன்று.

வாடகைக்கு வந்த அம்பாசடர்

பெங்களூர் அல்சூரில், சோமேசுவரர் கோயிலுக்கு அருகில் இருந்த ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா தூரவாணி நகர் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் பணியாற்றினார். 1980-களின் தொடக்கத்தில் எங்களுக்குக் கார் என்றால் திருப்பதிக்குப் போக வாடகைக்கு அமர்த்தும் அம்பாசடர்தான். பெரியப்பா குடும்பத்தையும் சேர்த்துப் பதினொரு பேர் அதில் ஏறுவோம். முன்னிருக்கை ஒரே பலகைபோல நீண்டிருக்கும். கியர்க் கம்பி ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆகவே ஓட்டுநருக்கு அருகில் மூவர் அமர்ந்தாலும் எவருக்கும் அது தவறாகத் தோன்றியதில்லை.

பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் உருவாக்கிய அந்தக் கார், 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை பெரிய உருவ மாற்றம் ஏதுமின்றி வெளிவந்தது. அமைச்சர்களுக்கும் அதே வண்டி; பதினொரு பேராகத் திருப்பதி சென்ற எங்களுக்கும் அதே வண்டி.

அப்பா வாங்கிய பத்மினி

1988-இல் அப்பா ஒரு பழைய பிரீமியர் பத்மினியை முப்பத்திரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கினார். மாதச் சம்பளக்காரர்களுக்குக் கார்க்கடன் எளிதில் கிடைக்காத காலம் அது. சேமிப்பில் பாதியும், ஊழியர் கூட்டுறவுச் சங்கக் கடனில் மீதியுமாகப் பணம் திரட்டினார். இத்தாலியின் ஃபியட் 1100 மாதிரியை மும்பை குர்லாவில் தயாரித்து வந்தார்கள். அதனால் பத்மினி என்ற பெயர் வந்த பின்னும் தெருவில் எல்லோரும் அதை ‘ஃபியட்’ என்றே அழைத்தார்கள்.

குளிர்ந்த காலைகளில் சோக்கை இழுத்துப் பிடித்தால்தான் எஞ்சின் உயிர் பெறும். அந்த இருமல் ஓசை கேட்டே பக்கத்து வீட்டார் மணி ஏழு என்று அறிவார்கள். கோடை விடுமுறையில் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் சென்று, அங்கிருந்து ஆத்தூரில் உள்ள தாத்தா வீட்டை அடைவோம். தொப்பூர்க் கணவாயை நெருங்கும்போது வண்டி பெரும்பாலும் நின்றுவிடும். வெப்பத்தில் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பினால் அதை இழுக்க இயலாது. அப்பா பானட்டைத் திறந்து, துணியை நனைத்து, பெட்ரோல் பம்பின்மீது சுற்றிவிட்டுப் புளியமரத்தடியில் வந்து அமர்வார். அம்மா கட்டுச்சோற்றைப் பிரிப்பார். அரை மணி நேரம் கழித்து வண்டி தானாகவே கிளம்பிவிடும். பின்னாளில் எத்தனையோ நெடுஞ்சாலைகளில் நிற்காமல் சென்றிருக்கிறோம். நினைவில் நிற்பது அந்தப் புளியமரம்தான்.

1994-இல் அக்காவுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணம் செலுத்தப் பத்து நாள் அவகாசம். கூட்டுறவுச் சங்கத்தில் பழைய கடன் சற்று மீதமிருந்ததால் புதிய கடன் கிடைக்கவில்லை. எட்டாம் நாள் மாலை அப்பா பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்தார். கார் எங்கே என்று எவரும் கேட்கவில்லை. அக்கா மட்டும் சமையலறையில் அழுதுகொண்டிருந்தார். அப்பா அவரிடம் சொன்னது இரண்டே வாக்கியங்கள்: “வண்டியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் அம்மா. இந்த வருஷத்து சீட் அடுத்த வருஷம் கிடைக்காது.”

வங்கிப் பணியில் சேர்ந்த பின் இந்த நிகழ்ச்சியை நாங்கள் வேறு விதமாக எண்ணிப் பார்ப்பதுண்டு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் 2001-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஏழாண்டுகள் முன்னதாக வந்திருந்தால் அந்தப் பத்மினி வாசலை விட்டுப் போயிருக்காது. இன்று ஒரு தந்தை, பிள்ளையின் படிப்புக்காக நகையையோ வண்டியையோ விற்கப் போவதாகச் சொல்லும்போது, “சற்று அமருங்கள், முதலில் வேறு வழி பார்ப்போம்” என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் விதிப் புத்தகம் மட்டுமன்று.

ஒரு கேள்வியும் ஓராண்டுக் காத்திருப்பும்

1983 டிசம்பரில் முதல் மாருதி 800 சாலைக்கு வந்தது. எங்கள் வாசலுக்கு அது வர மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 2003-இல், கணவன் மனைவி இருவரும் சம்பாதிக்கத் தொடங்கியிருந்த நேரம், காரின் விலைப்பட்டியலை அப்பாவிடம் காட்டினோம். அவர் விலையைப் பார்க்கவில்லை. “இரண்டு சம்பளத்தில் ஒன்று நின்றுபோனால் எத்தனை மாதம் தவணை கட்டுவீர்கள்?” என்று கேட்டார். கணக்கிட்டுப் பார்த்து, “மூன்று மாதம்” என்றோம். “ஆறு என்று சொல்ல முடிகிற அன்று வாங்குங்கள்” என்றார்.

எங்களுக்கு வருத்தமாகவே இருந்தது. தகுதி பார்த்துக் கடன் வழங்கும் பணியில் இருப்பவர்களுக்கே பாடமா என்றும் தோன்றியது. ஆயினும் ஓராண்டு சேமித்து, ஆறு மாதத் தவணைக்கான தொகையைத் தனி வைப்பாக ஒதுக்கிய பின், 2004-இல் ஐந்தாண்டுக் கடனில் வெள்ளை நிற 800 ஒன்றை வாங்கினோம். இரண்டாம் ஆண்டில் எங்கள் மகள் பிறந்தபோது ஒரு சம்பளம் ஐந்து மாதம் வரவில்லை. ஒரு தவணைகூடத் தவறவில்லை. கார் வாசலிலேயே நின்றது.

ஆர்.சி.யில் இருந்த ஒரு வரி

ஓய்வு பெற்ற அப்பாதான் அந்தக் காரை மிகுதியாக ஓட்டினார். கோயில், சந்தை, மருத்துவமனை என எல்லாவற்றுக்கும் அவரே சாரதி. 2018-இல், எழுபத்தாறு வயதில், அதே சந்தில், நாற்பது ஆண்டுகளாகப் பழகிய திருப்பத்தில், நின்றிருந்த ஆட்டோ ஒன்றில் உரசிவிட்டார். எவருக்கும் காயமில்லை. ஆனால் அன்றிரவு எங்கள் வீட்டில் உறக்கமில்லை. சாவியை அவரிடம் யார் கேட்பது? அக்காவைக் கேட்கச் சொன்னோம். அவர் எங்களைக் கேட்கச் சொன்னார். ஓராண்டு ஓடியது, ஒருவரும் கேட்கவில்லை.

2019-இல் காரின் பதிவுக்குப் பதினைந்து ஆண்டுகள் நிறையவிருந்தன. தனியார் கார்களின் பதிவை அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பதைவிட விற்பதே மேல் என்று முடிவு செய்து ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தபோது திகைத்துப்போனோம். 2009-இலேயே தீர்ந்த கடனுக்கான ‘ஹைப்பாத்திகேஷன்’ என்னும் அடமானக் குறிப்பு அதில் அப்படியே இருந்தது. நாள்தோறும் வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டும் செயலைச் சொந்தக் காருக்குச் செய்ய நாங்களே மறந்திருந்தோம். வங்கியின் தடையின்மைச் சான்றும், கையொப்பமிட்ட படிவம் 35-ம் புதிதாகப் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, அந்த வரி நீங்க மூன்று வாரம் ஆயிற்று. வாங்க வந்தவர் பொறுமையாகக் காத்திருந்தது எங்கள் நல்வாய்ப்பு.

அந்த மூன்று வாரமும் அப்பா காலைதோறும் காரில் அமர்ந்து எஞ்சினை இயக்குவார். ஐந்து நிமிடம் கழித்து நிறுத்திவிட்டு இறங்குவார். வண்டியை வெளியே எடுக்கவில்லை. விற்ற அன்று கண்ணாடியைத் தாமே துடைத்து, இரண்டு சாவிகளையும் வாங்கியவர் கையில் கொடுத்து, “பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள்” என்றார். சரியான சொல். பதிவில் உள்ள உரிமையாளரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. படிவம் 29, 30 ஆகியவற்றில் கையொப்பமிடுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. புதிய பெயர் ஏறிய ஆர்.சி.யின் நகல் கைக்கு வரும்வரை விற்பனை முழுமையடையவில்லை என்றே கொள்ள வேண்டும்.

நாங்கள் கேட்கத் தயங்கிய சாவியை அப்பா கேளாமலே கொடுத்தார். மறுநாள் காலை அல்சூர் மெட்ரோ நிலையத்தில் பயண அட்டை ஒன்று வாங்கி வந்து, மேசைமேல் வைத்துவிட்டு நாளிதழை விரித்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

அடுத்த தலைமுறை

அக்காவின் மகள் இப்போது மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். மின்சாரக் கார் வாங்கப் போவதாகச் சென்ற மாதம் வந்து சொன்னாள். பெங்களூரிலேயே தயாராகி 2001-இல் விற்பனைக்கு வந்த ரேவா என்னும் சிறிய மின்சாரக் காரைப் பார்த்து, பொம்மை வண்டி என்று தெருவே சிரித்ததை அப்பா அவளுக்குச் சொன்னார். ஒரு முறை மின்னேற்றினால் எவ்வளவு தூரம் ஓடும், மின்கலத்துக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்றெல்லாம் ஆர்வத்தோடு கேட்டறிந்தார். பின்னர், நாங்கள் எதிர்பார்த்தபடியே, “சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தவணை கட்டுவாய்?” என்றார்.

“எட்டு மாதம், தாத்தா. அம்மா முன்னாலேயே கேட்டுவிட்டார்கள்” என்றாள் அவள்.

அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா, காப்பி எடுத்து வருவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் சென்றுவிட்டார்.