ஊரில் தங்கிக் கற்றல்

ஏட்டில் கற்றதைக் களத்தில் செய்து பார்க்கும்போதே அது தொழிலறிவாகிறது. இதற்குத் தாமிரபரணிக் கரையிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு.

வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளத்தில் 1984ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது வ.உ.சிதம்பரனார் வேளாண்மைக் கல்லூரி. பல மாவட்டங்களிலிருந்து வந்து பயிலும் இதன் மாணவர்கள், இளநிலைப் படிப்பின் நான்காம் ஆண்டில், ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தின்கீழ்க் களப்பயிற்சி பெறுகின்றனர்.

நெல் விதைத் தேர்வு அவர்கள் செய்துகாட்டும் பணிகளுள் ஒன்று. முட்டை மிதக்கும் அளவு உப்பைக் கரைத்த நீரில் விதையை இட்டால், பதர் மேலே மிதக்கும். திரண்ட விதை அடியில் தங்கும். அதனை நன்னீரில் கழுவிப் பயன்படுத்துவர். நூலில் இது சில வரிகளே. பல்லாண்டு பயிர்செய்த உழவர்முன் செய்துகாட்டவோ தெளிவும் துணிவும் வேண்டும். “கார் சாகுபடிக்குக் கடைமடைவரை நீர் வருமா? காற்றில் வாழை சாயாதிருக்க வழி என்ன?” என அவர்கள் வினவக்கூடும். விடை தெரியாதபோது அவர்களிடமே கேட்டறியும் பணிவையும் மாணவர் அங்குக் கற்கின்றனர்.

வீட்டைப் பிரிந்திருக்கும் அந்நாள்களில் உணவு, செலவு, நேரம் ஆகியவற்றைத் தாமே திட்டமிடுகின்றனர். பின்னாளில் வேளாண்மை அலுவலராகவோ வங்கிப் பணியாளராகவோ அமரும்போது, தம் முன் வரும் விண்ணப்பத்தின் பின்னே ஓர் உழவரின் வயல் இருப்பதை அவர்கள் உணர்வர். களப்பயிற்சியின் பெரும்பயன் அதுவே.