சொல் காத்த தளபதி

எடுத்த சொல்லை இறுதிவரை காக்கும் உறுதியே வீரத்தின் வேராகும். இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்கும் பிரிகேடியர் முகம்மது உஸ்மானின் வாழ்வை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

இன்றைய உத்தரப்பிரதேசத்தில், அன்றைய ஆஸம்கர் மாவட்டத்தில் 1912ஆம் ஆண்டு பிறந்த உஸ்மான், இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் படைக்கல்லூரியில் பயின்று பலூச் படைப்பிரிவில் அதிகாரியானார். 1947இல் நாடு பிரிந்தபோது இராணுவமும் பங்கிடப்பெற்றது. பலூச் படைப்பிரிவு பாகிஸ்தானுக்கு உரியதாயிற்று. உஸ்மானையும் அங்கு வருமாறு பலர் வற்புறுத்தினர். உயர்பதவி ஆசையும் காட்டப்பட்டது என்பர். அவரோ பிறந்த மண்ணிலேயே பணிபுரியத் துணிந்து டோக்ரா படைப்பிரிவுக்கு மாறினார்.

அவ்வாண்டிலேயே ஜம்மு-காஷ்மீரில் போர் மூண்டது. சாலைகள் கூடுமிடமாகிய ஜங்கர் என்னும் ஊர் டிசம்பர் 25ஆம் நாள் எதிரிகள் வசமாயிற்று. அதனை மீட்கும்வரை கட்டிலில் துயிலேன் எனச் சூளுரைத்த உஸ்மான், மலைநாட்டுக் கடுங்குளிரிலும் தரையில் பாய்விரித்தே உறங்கினார். 50ஆவது பாராசூட் பிரிகேடின் தலைவராக நின்று, 1948 பிப்ரவரி 6ஆம் நாள் நௌஷேராவைத் தாக்க வந்த பெரும்படையை முறியடித்தார். 'நௌஷேராவின் சிங்கம்' எனப் பெயரும் பெற்றார். மார்ச் திங்களில் ஜங்கர் மீட்கப்பெற்றது. அன்று முகாமில் கட்டில் இல்லாமையால், அருகிருந்த சிற்றூரிலிருந்து ஒன்றைத் தேடிக் கொணர்ந்து தலைவரைத் துயிலச் செய்தனர் என்று கூறுவர்.

களத்தில் சிங்கமாக நின்றவர் நெஞ்சில் ஈரமும் நிறைந்திருந்தது. மணம் புரியாது வாழ்ந்த உஸ்மான், தம் ஊதியத்தின் பெரும்பகுதியை ஏழைச் சிறுவர்களின் பராமரிப்புக்கும் கல்விக்கும் ஈந்தார். கல்லூரியில் பயிலும் நாம் இதனைச் சிறப்பாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மீட்ட ஜங்கரைக் காத்து நின்றபோதே, 1948 ஜூலை 3ஆம் நாள், பீரங்கிக் குண்டுக்கு அவர் இரையானார். 36 வயது நிறைவதற்கு 12 நாள்களே எஞ்சியிருந்தன. பிரதமர் நேருவும் அமைச்சர்களும் இறுதி ஊர்வலத்தில் பங்கேற்றனர். மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா விருது வழங்கப்பெற்றது.

தில்லியில், ஜாமியா மில்லியா இஸ்லாமியாப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய அடக்கத்தலத்தில் அவர் துயில்கின்றார். 2020இன் இறுதியில் அக்கல்லறை சேதமுற்றிருந்த செய்தி வெளிவந்தது. பின்னர் இராணுவத்தினர் அதனைச் செப்பனிட்டனர். கல்லால் ஆன நினைவைக் கல்லால் சீர்செய்யலாம். உள்ளத்தில் சிதையும் நினைவை யார் சீர்செய்வர்? அவர் வரலாற்றைக் கற்பதும் அடுத்த தலைமுறைக்குச் சொல்வதும் நம்மிடம் ஒப்படைக்கப்பெற்ற அமானிதமாகும்.